அதிகாரியின் கிண்ணம்

1942 ஏப்ரல் 4ஆம் திகதி, இலங்கைக்குத் தென்கிழக்கே நெடுந்தொலைவில் வந்துகொண்டிருந்த ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பற்படையைக் கண்டு அறிவித்தவர் என்பதற்காக, கனேடிய வான்படை அதிகாரி லெனார்ட் பேர்ச்சலை 'இலங்கையின் மீட்பர்' என்று அழைப்பார்கள். தென்னிலங்கையின் கொக்கலை விமானத்தளத்துக்கு வந்து இரண்டே நாளில் கட்டலைனா விமானத்தில் சுற்றுக்காவலுக்குப் புறப்பட்டவர் அவர். விதிப்படி மூன்று முறை அனுப்பவேண்டிய செய்தி மூன்றாம் முறை போய்க்கொண்டிருக்கையிலேயே எதிரியின் குண்டு பட்டு வானொலிக் கருவி சிதைந்தது. விமானத்திலிருந்த ஒன்பது பேரில் அறுவர் மட்டும் உயிருடன் சிறைப்பட்டனர். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. ஆனால் எச்சரிக்கை முன்னரே எட்டியிருந்தது.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் நெடுங்காலம் முகாமையாளராக இருந்த எனக்கு, அதற்குப் பிந்திய அவருடைய சிறைவாழ்வே பெரிதாகப் படுகிறது. ஜப்பானியரின் போர்க்கைதி முகாமில் பசி, கைதிகளுள் அதிகாரிகளாக இருந்தவர்களுக்குக் கூடுதலாகப் போகிறதோ என்ற சந்தேகம் வேறு. ஆகவே பேர்ச்சலும் மற்ற அதிகாரிகளும், எல்லோரும் பார்க்க, கடைசியாகவே உணவு பெற்றனர். தனக்குக் குறைந்துவிட்டதென்று நினைக்கும் எவரும் அதிகாரியின் கிண்ணத்தோடு தன் கிண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றும் வைத்தனர்.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின் தென்மராட்சியில் நிவாரணம் நிறுத்துக் கொடுத்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். வரிசையில் நின்ற ஆச்சி ஒருவர், "தம்பி, உங்கட வீட்டுப் பங்கை எப்ப நிறுத்தனீங்கள்?" என்று என்னிடமே கேட்டார். நியாயமான கேள்விதான். ஊழியர் குடும்பங்களின் அட்டைகளுக்குரிய பங்கை வரிசை முடிந்த பிறகு, அதே தராசில், சனம் பார்க்கத்தக்கதாக நிறுப்பதென்று ஒழுங்கு செய்தோம். சாக்கின் அடியில் தூசியோடு கிடந்த அரிசி எங்கள் பங்காயிற்று. முறுமுறுத்த ஊழியரும் இருந்தார்கள், அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள். ஆனால் தராசைப் பற்றிய சண்டை அதற்குப் பிறகு குறைந்தது.

1944இல் நோயாளிக் கைதிகளை வேலைக்கு இழுத்தபோது, அவர்களை விடுவிக்கும்வரை எவரும் வேலை செய்யவேண்டாம் என்று பேர்ச்சல் கட்டளையிட்டார். அடி விழுந்தது, தண்டனை முகாமுக்கும் அனுப்பப்பட்டார். அவர் மறைத்துவைத்த நாட்குறிப்புகள் போருக்குப் பின் நீதிமன்றத்தில் சான்றாயின. கப்பல்களைக் கண்டதற்கு ஒரு விருது, முகாமில் நடந்துகொண்ட விதத்துக்கு இன்னொன்று. பிறகு கனடாவின் கிங்ஸ்ரன் இராணுவக் கல்லூரியின் தளபதியாகவும் இருந்து, 2004இல் காலமானார்.

புதிய முகாமையாளர்களுக்கான பயிற்சிகளில் இவரைப் பற்றிச் சொன்னால், பிள்ளைகள் விமானச் சண்டையைத்தான் விரிவாகக் கேட்பார்கள். அதை இரண்டு வசனத்தில் முடித்துவிட்டு, நான் உணவு வரிசைக்குப் போய்விடுவேன்.