சூப்பர் சிப்பாய் ஏன் வழுக்கி விழுகிறான்?

அறிவியல் புனைகதைப் பகடிகளில் சொதப்பல் சூப்பர் சிப்பாய் அடிக்கடி வருவான். இரண்டாம் பக்கத்திலேயே சலித்தும் போவான். எழுதுகிறவர் அவனைத் தடுக்கிவிட வெளியே ஏதாவது தேடுவதுதான் காரணம். தேவையே இல்லை. அவனுக்குக் கொடுத்த சக்தியே அவனைக் கவிழ்க்கும்.

ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கால் எத்தனை பலமானதாக இருந்தாலும், ஓடுகிறவனை நிறுத்துவது தரையின் உராய்வுதான். உராய்வுக் கெழு, அதாவது தரை எவ்வளவு பிடித்து நிறுத்தும் என்று காட்டும் எண், 0.7 என்று வைத்தால், வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வரும் சாதாரண ஆள் சறுக்கி நிற்க 2.6 மீட்டர் போதும். 20 மீட்டர் வேகத்தில் வரும் நம் வீரனுக்கு 29 மீட்டர் வேண்டும். நிற்கச் சொல்லி மூளை கட்டளையிட்டுக் கால் கேட்பதற்குள் 0.2 வினாடி ஓடிவிடும். அதில் இன்னும் 4 மீட்டர். எடையைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆக, விண்கலத்தின் நடைவழியை 25 மீட்டர் நீளத்துக்கு வையுங்கள். கோடியில் கண்ணாடிக் கதவு. முதல் முறை கதவு போகும். இரண்டாம் முறை அவன் முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பான். ஆனால் அப்போதுதான் தரையைத் துடைத்திருப்பார்கள், உராய்வு பாதியாகியிருக்கும். மூன்றாம் முறை, காய்ந்த தரையில், 10 மீட்டர் வேகத்தில் வந்து, 7 மீட்டரில் கச்சிதமாக நிற்பான். வாசகர் மூச்சு விடுவார். அந்த நொடியில் தளபதிக்குச் சல்யூட் அடிக்கட்டும்: கை தொப்பியின் விளிம்பில் பட்டு, தொப்பி கூரையில் போய்ச் செருகிக்கொள்ளும். விரல்கள் நெற்றியில், முகத்தில் துளி சலனமில்லை. இந்தக் காட்சியில் வேறு யாரும் சிரிக்க வேண்டாம்.

கைப்பிடி இன்னும் வளமான இடம். ஒரு பொருளைத் தூக்கும்போது, அது நழுவாமலிருக்கத் தேவையானதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக அழுத்துகிறோம். நழுவினால் விரல்நுனி உணர்ந்து, பத்தில் ஒரு வினாடிக்குள் பிடியை இறுக்கிவிடும். தசையை மட்டும் பத்து மடங்காக்கி நரம்பைப் பழையபடியே விட்டால், அதே கட்டளைக்குப் பேனா நொறுங்கும். பயந்துபோய்த் தளர்த்திப் பிடித்தால் கீழே விழும். உடைப்பதும் நழுவவிடுவதும் ஒரே காரணத்தில் பிறப்பதால் இரண்டையும் நம்ப முடிகிறது.

இதற்கு நிஜ உதாரணமே உண்டு. 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஹார்டிமேன் என்ற இயந்திர உடையை உருவாக்கியது. சுமார் 680 கிலோ தூக்க வேண்டும் என்பது இலக்கு. முழு உடையையும் இயக்க முயன்றபோது அது கட்டுப்பாடில்லாமல் உதறியது. கடைசியில் ஒரு கையை மட்டும்தான் ஒழுங்காக வேலைசெய்ய வைக்க முடிந்தது. பலம் கொடுப்பது சுலபம், நிதானம் கொடுப்பதுதான் கஷ்டம்.

பலர் கோட்டைவிடுவது இரண்டு இடங்களில். ஒன்று, அவனை முட்டாளாக்குவது. அப்படிச் செய்தால் சிரிப்பு போய் எரிச்சல்தான் மிஞ்சும். அவன் புத்திசாலியாக, கடமையே கண்ணாக இருக்க வேண்டும். இன்னொன்று, சண்டைக் காட்சியில் மட்டும் சொதப்பல் காணாமல்போவது. அங்கேயும் அதே 29 மீட்டர்தான். எதிரியைத் தாண்டிப் போய்தான் நிற்பான், திரும்பி வர வேண்டும். இதை ஐந்தாம் பக்கத்திலேயே உணர்ந்து, எதிரிக்கு 29 மீட்டர் முன்பே காலை ஊன்றக் கற்றுக்கொண்டால், கடைசிச் சண்டையை அதிர்ஷ்டத்தால் ஜெயிக்க வைக்கும் அவசியமே வராது. உடைந்த கதவையும் அடுத்த அத்தியாயத்தில் சரிசெய்துவிடாதீர்கள். பலகை அடித்து வையுங்கள்.