வரையாடு எண்ணும் நாட்கள்

2025 ஏப்ரல் 23, மேல்பவானி

நாளை வரையாடு கணக்கெடுப்பு தொடங்குகிறது. இந்த முறை தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்களில் எண்ணுகின்றன. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு மாலை முழுக்க வயது பிரிப்பதைச் சொல்லிக்கொடுத்தேன். முதுகில் வெள்ளி பூசியதுபோல் இருந்தால் முதிர்ந்த கிடா. சாம்பல் கலந்த பழுப்பாக இருந்தால் பெட்டை. குட்டிகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவை என்பதால் இப்போது தாயை ஒட்டியே நிற்கும்.

ஏப்ரல் 24

காலை பனி விலகவே நேரமாகிவிட்டது. எதிர்ப்பாறையில் ஒரு மந்தை. எல்லாம் பெட்டைகளும் குட்டிகளும்தான். வாட்சர் அண்ணன் வெறுங்கண்ணால் பார்த்துச் சொன்னதைத்தான் நாங்கள் பைனாகுலரில் சரிபார்த்தோம். ஒரே பகுதியில் திரும்பத் திரும்ப எண்ணி, கிடைத்ததில் அதிகமான எண்ணிக்கையை அடிப்படையாக வைத்து மதிப்பிடுகிறோம். பனி மறைத்த ஒரு காலைக்காக மந்தை குறைந்துவிட்டது என்று எழுதிவிட முடியாதே.

ஏப்ரல் 26

இன்று நடந்த பாதையில் பாதி சீகை மரம், அதாவது வெளிநாட்டு வாட்டில் மரம். தோல் பதனிடும் பட்டைக்காக, புல்வெளியைத் தரிசு என்று நினைத்து நட்டது. சீகையின் அடர்ந்த நிழலில் புல் வளராது, புல் இல்லாத இடத்தில் வரையாடு மேயாது. அதைவிட, மரங்களுக்குள் புலியும் செந்நாயும் வருவது தூரத்திலிருந்து தெரியாது. மேய்ச்சலும் வேண்டும், ஓடி ஏறப் பாறையும் பக்கத்தில் வேண்டும். இரண்டும் சேர்ந்த இடம் சுருங்கிக்கொண்டே போகிறது.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விலங்கைக் காப்பது என்றால் துப்பாக்கியைத் தடுப்பது என்றே நினைத்திருந்தேன். அதுவும் முக்கியம்தான். 1877ல் நீலகிரியில் வேட்டைக்காரர்களே சங்கம் வைத்து, கண்டபடி சுடுவதைக் கட்டுப்படுத்தக் கிளம்பினார்கள். அதே சங்கத்தில் பின்னாளில் பணியாற்றிய ஈ.ஆர்.சி. டேவிதார் 1975ல் வரையாடுகளை மலை மலையாகத் தேடி எண்ணினார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7 வரையாடு தினம். இன்று வேட்டை பெருமளவு ஒடுங்கிவிட்டது. புல்வெளிதான் இன்னும் திரும்பவில்லை.

ஜூன் 15, ஊட்டி

தமிழ்நாட்டில் 1303. போன ஆண்டு 1031. தொலைபேசியில் வாழ்த்துகள் வந்தபடி இருக்கின்றன. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இந்த முறை கூடுதல் இடங்களில் தேடினோம், ஆட்களுக்கும் கண் பழகிவிட்டது. ஒரே ஆண்டில் இத்தனை ஆடுகள் பெருகின என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி, அதிலும் பல முதல் ஆண்டைத் தாண்டாது.

ஜூன் 22

மழை நன்றாகப் பிடித்துவிட்டது. சீகையை வெட்டிய சரிவைப் பார்த்து வந்தேன். மண்ணில் பல பத்தாண்டு உறங்கிய விதைகள் வெளிச்சம் பட்டதும் கம்பளம் விரித்ததுபோல் முளைத்திருக்கின்றன.

"சார், மண்ணு ஈரமா இருக்கும்போதே புடுங்கணும், காஞ்சா வேரு அறுந்துடும்" என்றார் வாட்சர் அண்ணன். சரிதான். மரம் வெட்டப் பணம் ஒதுக்குவார்கள். நாற்றுப் பிடுங்க யாரும் ஒதுக்குவதில்லை. ஒரே சரிவில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து நாற்றுப் பிடுங்க ஆள்கூலி, பக்கத்திலேயே உள்ளூர்ப் புல் நாற்றங்கால் என்று கேட்டு இன்றிரவு கடிதம் எழுதுகிறேன்.