மருந்து இல்லையாம், வெறும் பொடியாம்

"வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா ஆச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுத்தேன். "இல்ல தாயி" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பேரன் வந்து, ஆச்சியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னான். ஓயாத வாந்தி, கால் துவண்டு எழுந்திருக்க முடியவில்லை, நாடித்துடிப்பு தாறுமாறு. ரத்தத்தில் பொட்டாசியம் அடியோடு குறைந்திருந்ததாம்.

ஆச்சி எங்கள் மருந்துக் கடையில் வாங்கியது இதயத்துக்கு டிஜாக்ஸின், நீர் பிரிய ஃபுரோசிமைடு. வீட்டிலோ தொண்டைக் கரகரப்புக்கு இரண்டு மாதமாக அதிமதுரப் பொடியைத் தேனில் குழைத்துக் காலையும் மாலையும் சாப்பிட்டிருக்கிறார். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும். ஃபுரோசிமைடும் பொட்டாசியத்தைக் கொண்டுபோகும். அது குறைந்துவிட்டால் வழக்கமான அளவு டிஜாக்ஸினே இதயத்துக்கு விஷமாகிவிடலாம்.

ஆச்சி பொய் சொல்லவில்லை. அவருக்கு அது மருந்தே இல்லை, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு டப்பா. தப்பாகக் கேட்டது நான்தான்.

டி.ஃபார்ம் என்ற ஃபார்மசி டிப்ளமோ படிக்கும்போது நிலாவாரை இலையின் குறுக்குவெட்டை எத்தனை தடவை வரைந்திருப்பேன்! பாடப்புத்தகங்களில் 'திருநெல்வேலி சென்னா' என்று எங்கள் ஊர்ப் பெயரோடு வரும் இலை அது. அதிமதுரத்தில் கிளிசிரைசின் இருக்கிறது என்றும் எழுதி மார்க் வாங்கினேன். எதிரே நிற்பவர் வாயிலிருந்து அந்தப் பொடியின் பெயரை எப்படி வரவழைப்பது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

எங்கள் தொழிலில் இரண்டு பேச்சு உண்டு. "இலை தழைதானே, என்ன செய்துவிடும்?" என்பது ஒன்று. "அது சித்த வைத்தியர் பாடு, நமக்கெதற்கு?" என்பது இன்னொன்று. நானும் சொன்னவள்தான். இப்போது கேட்டால் கோபம் வருகிறது. மருந்து கொடுப்பவர் ஆலோசனையும் சொல்ல வேண்டும் என்று 2015-இல் வந்த ஃபார்மசி விதிகளே சொல்கின்றன. மாலைக் கூட்டத்தில் ஆளுக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும் என்பது உண்மை. சரி, இந்தக் கேள்விக்கு அரை நிமிடம் போதுமே.

இப்போதெல்லாம் 'மருந்து' என்ற சொல்லையே எடுப்பதில்லை. "கசாயம், பொடி, லேகியம், காலையில் வெறும் வயிற்றில் ஏதாவது?" என்று கேட்கிறேன். போன மாதம் சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு வாங்க வந்த ஒரு அண்ணாச்சி, பதினொரு மணியானால் கை நடுங்கி வியர்க்கிறது என்றார். கேட்டால், தினமும் சிறுகுறிஞ்சான் பொடி. அதுவும் சர்க்கரையைக் குறைக்கும். மாத்திரைக் கவரிலேயே அந்தப் பெயரை எழுதி, அன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

ஆச்சி தேறிவிட்டார். நேற்று, மூட்டுவலிக்கென்று யாரோ கொடுத்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். "இன்னும் வாயில போடல தாயி, உன்ட்ட கேட்டுட்டுன்னு வச்சிருக்கேன்." பெயரும் இல்லை, தேதியும் இல்லை. இப்படி வரும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. கொடுத்தவரின் போன் நம்பரைப் பேரனிடம் கேட்டிருக்கிறேன். பொட்டலம் என் டிராயரில் இருக்கிறது.