குறுக்குக் கோடு

சர்வே கப்பலில் வேலை பார்த்த நாட்களில் எனக்குப் பிடிக்காத சொல் 'மறுபடியும்'. விடிந்ததும் படகை இறக்கிவிடுவார்கள். உழவுசால் போல இணைகோடுகளாக ஓட்டிக்கொண்டே போவோம். ஒலியை அனுப்பி அளக்கும் எக்கோ சவுண்டர் கடலின் ஆழத்தைப் பதிந்துகொண்டு வரும். கடைசியில் அந்தச் சால்களுக்குக் குறுக்கே சில கோடுகள் ஓட்ட வேண்டும். இரண்டும் வெட்டுகிற இடத்தில் ஆழம் ஒத்துப்போகாவிட்டால் சீஃப் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். "ஒத்து வரலப்பா. மறுபடியும் போயிட்டு வாங்க." கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஓதக் கம்பத்தை நான் ஒருமுறை தப்பாகப் படித்ததில் எல்லோருடைய ஒரு நாள் உழைப்பும் வீணானது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மொரிஷியஸ் பயணத்தில்தான் பீகிள் கப்பலைப் பற்றிப் படித்தேன். ஊருக்கெல்லாம் அது டார்வின் போன கப்பல். எங்களுக்கு அது கேப்டன் ஃபிட்ஸ்ராயின் சர்வே கப்பல். 1831 டிசம்பரில் அது இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டபோது அதில் 22 குரோனோமீட்டர்கள், அதாவது கடல் பயணத்துக்கான துல்லியமான கடிகாரங்கள், இருந்தன. அவற்றில் ஆறு அவருடைய சொந்தக் கடிகாரங்கள். கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை அந்த நேரத்தை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். நிலநடுக்கோட்டில் நேரம் நாலு விநாடி பிசகினால் இடம் ஒரு கடல் மைல் பிசகும். 1832இல் பிரேசிலின் பாயியாவிலிருந்து ரியோ வந்து சேர்ந்ததும், இரண்டு துறைமுகங்களுக்கும் இடையே அவர் அளந்த கிழக்கு-மேற்குத் தூரம் பிரெஞ்சுக்காரர் ரூஸானின் கணக்கோடு நாலு மைலுக்கு மேல் இடித்தது. கப்பலைத் திருப்பி, வந்த வழியே பாயியாவுக்குப் போய் மறுபடியும் அளந்தார். ஃபிட்ஸ்ராயின் கணக்கே சரியாக இருந்தது. ரியோவில் ஆற்றுப்பக்கம் போனபோது தொற்றிய காய்ச்சலில், அந்தப் பயணத்தின்போது மூன்று பேர் இறந்துபோனார்கள். சிறுவர்களும் அதில் உண்டு.

இதே பாயியாவில்தான் அடிமைமுறை பற்றி அவருக்கும் டார்வினுக்கும் சண்டை வந்தது. ஓர் எஜமான் தன் அடிமைகளை வரிசையாகக் கூப்பிட்டு "விடுதலை வேண்டுமா?" என்று கேட்டாராம், எல்லோரும் வேண்டாம் என்றார்களாம். ஃபிட்ஸ்ராய் அதை நம்பினார். எஜமான் முன்னால் சொன்ன பதிலுக்கு என்ன மதிப்பு என்று டார்வின் கேட்டதும் கொதித்துப்போனார். நாலு மைல் சந்தேகத்துக்காகக் கப்பலையே திருப்பியவர் அந்தப் பதிலுக்கு மட்டும் குறுக்குக் கோடு போடவில்லை. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1836 ஏப்ரல் கடைசியில் பீகிள் மொரிஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்கு வந்தது. அடிமைமுறை அங்கே முந்தைய வருடம்தான் ஒழிந்திருந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். பின்னாளில் அவர்கள் கரையிறங்கி ஏறிய 'ஆப்ரவாசி காட்' என்ற இறங்குதுறையின் பதினாறு கற்படிகளை நானும் பார்த்தேன். கறுத்துத் தேய்ந்த சாதாரணப் படிகள்தான். வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் தமிழ்ப் பெயர்க்காரர், பேச்செல்லாம் அந்தத் தீவின் மொழியான கிரியோல். வீட்டுக்கு அழைத்துப் போனார். முப்பாட்டனார் விருப்பப்பட்டுத்தான் கப்பல் ஏறினார், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். கப்பலுக்குத் திரும்பி அதை நோட்டில் எழுதிவைத்தேன். மறுநாள் லீவு கிடைத்ததும் அதே வீட்டுக்கு மறுபடியும் போனேன். அவருடைய பாட்டி திண்ணையில் இருந்தார். பேரன் என் கேள்வியைக் கிரியோலில் கேட்டார். பாட்டி வெகுநேரம் யோசித்தார்.

தன் தாத்தா கடல் பக்கம் முகம் வைத்து உட்காரவே மாட்டார் என்றார்.