சுண்ணாம்பு மெத்தையும் சோலார்காரர்களும்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டு மேல் சோலார் ஏறியதிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “எந்தக் கம்பெனி பேனல் போட்டிருக்கீங்க?” அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது. எந்த இடத்தில் உட்கார வைப்பது, யார் கையால் உட்கார வைப்பது என்ற இரண்டும்தான் முதலில். செட்டிநாட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஏனென்றால் நம் மெத்தை, அதாவது மாடித் தளம், கான்கிரீட் இல்லை. பர்மா தேக்கு உத்தரமும் சட்டங்களும், அதன்மேல் குத்துச் செங்கல், அதன்மேல் சுண்ணாம்புக் காரை, கடைசியாகத் தட்டோடு. நடு முற்றமான வளவைச் சுற்றியுள்ள சரிவுகளில் நாட்டு ஓடு. நூறு வருஷமாக ஒழுகாமல் நிற்கிறது என்றால் அந்தக் காரை ஒரே பரப்பாக இருப்பதால்தான். அதில் டிரில் வைத்து ஆங்கர் போல்ட் அடித்தால் துளை மட்டும் விழாது, சுற்றிலும் மயிரிழை விரிசல் ஓடும். ஐப்பசி மழை அதில் இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் தேக்குச் சட்டத்தின் முனையில் போய் நிற்கும். சட்டத்தின் நடுப்பகுதி கல்லாக இருக்கும், முனை மட்டும் உளுத்துப்போகும். கீழே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. துளை போடாமல் சிமெண்ட் கட்டிகளைப் பாரமாக வைத்து நிறுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். இப்போது வரும் 540, 550 வாட் பேனல் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 30 கிலோ. காற்று தூக்காமல் இருக்க அதைப்போல் பல மடங்கு பாரம் வைக்க வேண்டும். இந்தச் சுமையை அந்தத் தேக்குச் சட்டங்கள் தாங்குமா என்று கையெழுத்துப் போட்டுத் தர எவரும் முன்வரவில்லை.

எங்கள் பங்கில் பின்கட்டு மட்டும் அப்பச்சி காலத்தில் இடித்துக் கான்கிரீட் போட்டது. பேனல் அங்கேதான் என்று முடிவானது. முகப்பும் வளவும் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடாக இருந்தால் சோலார் வேண்டாம். இரண்டு மாதத்துக்குக் குறைந்தது 100 யூனிட் நமக்கு இலவசம். பூட்டிய வீட்டில் காவல்காரர் போடுகிற விளக்குக்கு அதுவே மிச்சம். எங்கள் வீட்டில் ஆத்தாவும் நாங்களும் வருஷம் முழுவதும் இருக்கிறோம், பிள்ளைகள் வந்தால் ஏசி ஓடும். பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்களுக்கு 600-க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. ஒரு கிலோவாட் நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் பக்கம். அடைமழை மாதங்களில் குறையும், மாசி பங்குனியில் கூடும்.

ஒரு நிறுவனத்தார் 5 கிலோவாட்டுக்கு மிகவும் வற்புறுத்தினார்கள். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். கூடுதல் இரண்டு கிலோவாட்டின் முழு விலையும் நம் பையிலிருந்து போகும். இதைச் சொல்லாமல் “பெருசாப் போட்டா லாபம்” என்று மட்டும் பேசியவரை நான் அதற்குமேல் உட்காரச் சொல்லவில்லை.

வேறொருவர் வீட்டையே பார்க்காமல் போனிலேயே விலை சொன்னார். அடுத்து ஒருவர் வந்து, முகப்பு மெத்தைதான் அகலமாக இருக்கிறது என்று அங்கேயே அளந்தார். கைப்பிடிச் சுவர் மேல் இருக்கிற சுதை லட்சுமியின் நிழல் விழும் என்றதும், “அந்தப் பொம்மையை எடுத்துட்டா சரியாப் போயிடும்” என்றார். என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கையால் இந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்கவும் விடக்கூடாது என்று அப்போதே சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரி.

கடைசியில் வேலையை எடுத்த தம்பி காரைக்குடிப் பக்கத்துப் பையன். பெரிய கடையெல்லாம் இல்லை. ஆனால் அவன் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “ஐயா, ஒரு வருஷத்து ஈபி பில் இருக்குங்களா?” இரண்டாவது கேள்வி, “இந்த மெத்தைக்குக் கீழ என்ன இருக்கு?” முன்கட்டு மேல் நடந்து பார்த்துவிட்டு, “இதுல கை வைக்க வேண்டாங்க” என்று அவனாகவே சொன்னான். முன்பு வேலை செய்த வீடுகளின் முகவரி கேட்டேன், தந்தான். புதுவயலில் சில வருஷம் ஆன ஒரு வீட்டுக்கு நானே போய் மாடி ஏறிப் பார்த்தேன். அங்கே பேனலைப் பார்க்கவில்லை, அதைத் தாங்கி நின்ற இரும்பைப் பார்த்தேன்.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்தது செக்ரியில், துருப்பிடிப்பதை ஆராயும் அரிமானப் பிரிவில், டெக்னீஷியனாக. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த அதே மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம். உப்புப்புகைப் பெட்டிக்குள் இரும்புத் துண்டுகளை வைத்து, எது எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று குறித்தே என் காலம் போனது. அதனால் சொல்கிறேன்: பேனல் 25 வருஷம் உழைக்கும் என்று கம்பெனி எழுதித் தருகிறது, அதைத் தாங்குகிற ஸ்டாண்டு 25 வருஷம் நிற்குமா என்று யாரும் கேட்பதில்லை.

கடையில் ஜிஐ பைப் என்று வாங்குகிற பலவற்றில் துத்தநாகப் பூச்சு பெரும்பாலும் 20 மைக்ரானைத் தாண்டாது. உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஹாட் டிப் என்றால் 80 மைக்ரான் இருக்கும். இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. ஆக எவ்வளவு தடிமன் இருக்கிறதோ அவ்வளவு வருஷம். தடிமன் பார்க்கிற சின்ன மீட்டர் இருக்கிறது, வைத்தால் எண் சொல்லிவிடும். ஒப்பந்தத்தில் “80 மைக்ரான் ஹாட் டிப்” என்று எழுதி வாங்குங்கள். வெல்டிங் பட்டறையில் அடித்து வெள்ளி பெயிண்ட் பூசிக் கொண்டுவருகிற ஸ்டாண்டு விலை குறைவுதான். இரண்டு மழைக்காலத்தில் வெல்டு பிடித்த இடமெல்லாம் சிவந்துவிடும். முக்கி எடுத்த பிறகு மாடியில் வைத்து அறுத்தாலோ துளைத்தாலோ, அந்த வெட்டு வாயில் துத்தநாகம் கலந்த பெயிண்ட் பூசச் சொல்ல வேண்டும். புதுவயல் வீட்டில் அறுத்த முனை ஒவ்வொன்றிலும் அந்தச் சாம்பல் பூச்சு இருந்தது. அங்கேயே எனக்கு மனம் உறுதியாகிவிட்டது.

எர்த்திங்கிலும் இதே கவனம் வேண்டும். பேனலின் சட்டம் அலுமினியம். அதில் செம்புக் கம்பியை நேராகச் சுற்றி போல்ட் போட்டால், ஈரம் பட்டதும் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன பேட்டரி உருவாகும். தேய்வது அலுமினியம். வெள்ளையாக மாவு பூத்து, கொஞ்ச நாளில் தொடுப்பே விட்டுப்போகும். எர்த் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், இருக்காது. வெள்ளீயம் பூசிய லக் என்கிற கம்பி முனைத் தொடுப்பும் ஸ்டெயின்லெஸ் வாஷரும் வைத்துத்தான் முடுக்க வேண்டும். பேனல் பக்கத்துக்கு ஒன்று, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வெர்ட்டரின் வெளிப்பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று மூன்று தனிக் குழிகள். நம் செம்புறாங்கல் மண் கோடையில் காய்ந்துவிடும் என்பதால், தம்பி சித்திரை வெயிலில் ஒரு தடவை வந்து ஓம் மீட்டர் வைத்துப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டான். வந்தும் பார்த்தான். 5 ஓமுக்குக் கீழேதான் இருந்தது.

வேலை நடந்த அன்று நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பேனல்களைக் கோக்கிற எம்சி4 கனெக்டர் என்று விரல் நீளத்தில் ஒரு கறுப்புத் தொடுப்பு உண்டு. கம்பியின் தோலைச் சீவி, உள்ளே உள்ள உலோகக் குழலில் நுழைத்து நசுக்க வேண்டும். பலர் கட்டிங் பிளேயரால் நசுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இவன் அதற்கென்றே உள்ள கிரிம்பிங் கருவியில் வைத்து அழுத்தினான். முழுதாக அழுந்தினால்தான் அது வாய் திறக்கும். பிறகு கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். நசுக்கிய குழலைக் கறுப்புக் கூட்டுக்குள் தள்ளி, டக் என்று சத்தம் வந்த பிறகுதான் மூடியைத் திருகினான். ஒரு தொடுப்பில் ஒரு கம்பெனி ஆணும் வேறு கம்பெனி பெண்ணும் சேரக்கூடாது என்று அவனே சொல்லி, பேனலோடு வந்த அதே வகையை வாங்கி வந்திருந்தான். கூரையில் சோலாரால் பிடிக்கிற தீயில் பல இந்த விரல் நீளத் தொடுப்பில் தொடங்குகின்றன. தளர்ந்த இடத்தில் டிசி கரண்ட் பொறி விட்டால் நிற்காமல் எரிந்துகொண்டே இருக்கும்.

நிழல் கணக்கு நம் பக்கத்துக்குக் கொஞ்சம் வேறு. “தெற்குப் பார்த்து வைங்க” என்று எல்லாரும் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் நாம் இருப்பது 10 டிகிரி வடக்கில். சித்திரை பிறந்த சில நாளிலிருந்து ஆவணி முதல் பத்து நாள் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதனால் 10 டிகிரி சாய்வு போதும், வடக்கே உயரமான சுவர் இருந்தாலும் பார்க்க வேண்டும். மார்கழி முதல் வாரத்தில் சூரியன் நடுப்பகலிலும் 57 டிகிரிக்கு மேல் ஏறாது. தெற்கில் ஆறடித் தண்ணீர்த்தொட்டி இருந்தால் உச்சிப்பொழுதிலேயே நாலடிக்கு நிழல் விழும். ஒரு பேனலில் நிழல் என்றால் அதோடு வரிசையில் கோத்த மற்றதும் இழுபடும். தொட்டியை வடகிழக்கு மூலைக்கு மாற்றினோம்.

பேனலுக்கு வருகிறேன். மானியம் வேண்டுமென்றால் இந்தியாவில் செய்த செல்லை வைத்து இந்தியாவில் கோத்த பேனல்தான் போட வேண்டும். டிசிஆர் என்பார்கள். மற்றதைவிட விலை கூடுதல், வேறு வழியில்லை. மோனோ பெர்க், டாப்கான் என்ற இரண்டு செல் வகைகளில் எது என்றால், நம் வெயிலுக்கு டாப்கான் கொஞ்சம் மேல். பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி சூட்டில் எடுத்தது. பங்குனி மதியம் பேனல் 65 டிகிரி வரை கொதிக்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் பெர்க் சுமார் 0.35 சதவீதம் இழக்கும், டாப்கான் 0.30. நாற்பது டிகிரிக்கு 14-க்கு 12. இரண்டு சதவீதம்தான் வித்தியாசம், அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. விலை பக்கத்தில் இருந்தால் எடுங்கள்.

இன்வெர்ட்டரில்தான் ஆத்தா கேட்டது எனக்குக் கஷ்டமாக இருந்தது. “கரண்டு போனா இதுல காத்தாடி சுத்துமா?” சுற்றாது. ஈபி லைனோடு சேர்ந்தே ஓடுகிற சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர், ஈபி மின்சாரம் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனுக்கு நம் மின்சாரம் போய்ச் சேரக்கூடாது, அதற்காக அப்படி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மின்சாரம் நிறுத்துகிற நாளில், வெயில் கொளுத்தினாலும் பேனல் சும்மாதான் இருக்கும். பேட்டரியோடும் ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் போட்டால் ஓடும், செலவு மிகவும் ஏறும். எங்கள் வீட்டில் ஏற்கெனவே டியூப்ளர் பேட்டரியோடு ஓர் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆத்தாவின் அறையையும் அடுப்படியையும் அதிலேயே விட்டோம். அந்த பேட்டரி முடியும்போது ஹைபிரிட்டை யோசிக்கலாம். லைன் கடைசியில் இருக்கிற வீடுகள் இன்னொன்றும் பாருங்கள்: பகல் 12 மணிக்கு வோல்டேஜ் 253-ஐத் தாண்டி ஏறினால் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று வரும். வாங்குவதற்கு முன்பே சில நாள் மீட்டர் வைத்துக் குறித்துக்கொண்டால், பிறகு இன்வெர்ட்டரைக் குறை சொல்ல வேண்டியிருக்காது.

எல்லாவற்றையும்விட நேரம் எடுத்தது காகிதம்தான். ஈபி இணைப்பு இன்னும் ஐயா பேரில் இருந்தது. விண்ணப்பமும் மானியம் வருகிற வங்கிக் கணக்கும் இணைப்புக்காரர் பேரில் இருக்க வேண்டும். ஐயாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, பங்காளிகளின் சம்மதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். சிங்கப்பூரில் இருக்கிற சின்னவர்தான் முதலில் கையெழுத்து அனுப்பினார், பக்கத்துத் தெருவில் இருப்பவருக்குத்தான் நாளானது. பங்கு வீட்டுக்காரர்கள் சோலார்காரரைக் கூப்பிடும் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

விலைப் பட்டியலில் வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கருவியும் வேலையும் சேர்த்த ஒப்பந்தத்துக்கு 13.8 என்று இருந்தது இப்போது 8.9. பழைய விகிதத்தைப் போட்ட ஒரு பட்டியல் எனக்கும் வந்தது. பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல், பொருள் வந்ததும் ஒரு பங்கு, மாட்டி முடித்ததும் ஒரு பங்கு, ஈபிக்குப் போகிற, அங்கிருந்து வருகிற மின்சாரம் இரண்டையும் குறிக்கும் நெட் மீட்டர் ஓடத் தொடங்கியதும் மீதி என்று எழுதிக்கொண்டோம். ஐந்து வருஷம் பராமரிப்பது மாட்டியவர் பொறுப்பு என்று திட்டத்திலேயே இருக்கிறது. அதையும் ஒப்பந்தத்தில் வரியாக எழுத வைத்தேன், பேனல் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணோடு.

இப்போது தொந்தரவு மயில்தான். விடிகாலையில் வந்து மேல் விளிம்பில் உட்கார்ந்து எச்சம் போட்டுவிட்டுப் போகிறது. ஒரே இடத்தில் எச்சம் கிடந்தால் அந்தச் செல் மட்டும் சூடேறும் என்பதால், வெயில் ஏறும் முன் மழைத் தொட்டித் தண்ணீரால் துடைக்கிறோம். போர் தண்ணீர் உப்புக்கறை பிடிக்கும், வேண்டாம். எங்கள் ஒப்பந்தத்தில் எழுதிய வரிகள் சுண்ணாம்பு மெத்தை வீட்டுக்காரர்கள் யாருக்காவது பயன்படும் என்றால் சொல்லுங்கள், அப்படியே தட்டச்சு செய்து தருகிறேன்.