சராசரிக்குள் மறையும் குறிச்சிகள்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள். சுகாதாரத்தில் பின்தங்கியோரைத் தேடும்போது இவற்றைத் தரப்படுத்தி, அடியில் வருபவற்றைத் தெரிவது வழக்கம். அது போதாது. வெளிநாட்டுக் காசில் நிமிர்ந்த பிரிவொன்றின் ஓரத்தில் காணி உறுதியில்லாத இருபது குடும்பங்கள் இருக்கும். சராசரி அவர்களை விழுங்கிவிடும். ஆகவே குறிச்சி (பிரிவுக்குள் இருக்கும் சிறு குடியிருப்பு), ஒழுங்கை வரை இறங்கியே கணக்கெடுக்கிறோம்.

தொடக்கம் மருத்துவமாதின் பதிவேடுகள். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைகள், 8 வாரம் கடந்து பதிந்த கர்ப்பிணிகள், தடுப்பூசி தவறியோர்: இம்மூன்றும் முகவரியோடு வேண்டும். ஒரு வருடக் கணக்கை நம்பக்கூடாது. 12 பிறப்பில் 3 குறைநிறை என்றால் 25 வீதம். அடுத்த வருடம் ஒன்றென்றால் 8 வீதம். எண்ணிக்கை சிறிதென்பதால் வரும் ஆட்டம் அது. 3 முதல் 5 வருடங்களைச் சேர்த்துப் பார்த்தால் அடங்கும்.

பெரிய சிக்கல், பதிவேட்டிலேயே இல்லாதவர்கள். இடம்பெயர்ந்து, பதிவு ஓரிடத்திலும் வாடகை வீடு வேறிடத்திலுமாக இருப்போர். இந்தியாவிலிருந்து திரும்பி அடையாள அட்டைக்கு அலைவோர். விதானையாரின் (கிராம அலுவலரின்) பட்டியலில் இவர்கள் அகப்படாமல் போகலாம். ஒழுங்கை ஒழுங்கையாக நடக்கவேண்டும், அதுவும் பின்னேரத்தில். பகலில் கூலிக்குப் போனவர்கள் விடுபடுவார்கள்.

சாதியைக் கேட்கும் படிவம் வேண்டவே வேண்டாம். அது மனதைப் புண்படுத்தும், உண்மையும் வராது. காணி யார் பெயரில், குடிதண்ணீர் யாருடைய கிணற்றில், மலசலகூடம் சொந்தமா என்று கேளுங்கள். ஒதுக்கப்பட்டவர்கள் யாரென்று விளங்கிவிடும்.

கிணறுகளையும் வரைபடத்தில் குறியுங்கள். வலிகாமத்தின் சுண்ணக்கல் நிலத்தில் உரமும் மலக்குழிக் கசிவும் எளிதில் கீழிறங்கும். இவற்றால் சேரும் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. கொதிக்கவைத்தால் அது நீங்காது, செறிவுதான் கூடும். கிணற்றுப் பரிசோதனை முடிவையும் கைக்குழந்தை உள்ள வீடுகளையும் ஒரே தாளில் வைத்தால் எங்கே முதலில் போவதென்று தெரியும்.

தூரத்தைக் கிலோமீற்றரில் அளந்தால் தீவகம் (யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள தீவுகள்) கணக்கில் தப்பிவிடும். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகுதான்; கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. இரவு பத்து மணிக்குப் பிரசவ வலி கண்டால் யாழ். போதனா வைத்தியசாலைக்கு எத்தனை மணிநேரம் என்பதே சரியான அளவுகோல்.

பட்டியலைக் குறிச்சி மக்களிடமே காட்டித் திருத்துவது அவசியம். ஆனால் காட்டுவது மொத்த எண்கள் மட்டுமே. பெயரும் வீட்டு இலக்கமும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தைவிட்டு வெளியே வரக்கூடாது.