சாப்பாட்டுக்குப் பின்

என் டிஸ்சார்ஜ் சம்மரி ஐந்து பக்கம். நான்காம் பக்கத்தில் மருந்துப் பட்டியல். அதில் ஏழாவதாக, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் என்சைம் கேப்சூல் ஒன்று, பக்கத்தில் 1-1-1. அவ்வளவுதான். மருந்துக்கடைப் பையன் அட்டையின் மேல் பேனாவால் ‘சா.பி.’ என்று கிறுக்கிக் கொடுத்தான். சாப்பாட்டுக்குப் பின். அந்த இரண்டு எழுத்தில் எனக்கு மூன்று மாதம் போயிற்று, கூடவே பதினொரு கிலோவும்.

எனக்கு நடந்தது விப்பிள் அறுவை சிகிச்சை. 2023 ஜூனில் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகி, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ஸ்டென்ட் எல்லாம் முடிந்து ஆகஸ்டில் மேசையில் படுத்தேன். கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி, இரைப்பையில் ஒரு துண்டு என்று எடுத்துவிட்டு, மிச்சமிருப்பதைச் சிறுகுடலோடு மூன்று இடத்தில் தைத்தார்கள். ஏழு மணி நேரம் ஆயிற்றாம். கட்டி சின்னது, நிணநீர் முடிச்சுகளுக்குப் போகவில்லை, கீமோ வேண்டாம் என்று பயாப்சி வந்ததும் சொன்னார்கள். அறுவை செய்த டாக்டரின் கையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எனக்குக் கோபமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததன் மேல்தான்.

ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். ஐந்தாம் நாள் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள், அது அப்படியே பச்சையாகத் திரும்பி வந்தது. எடுத்திருந்த ரைல்ஸ் டியூபை, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயை, மறுபடி போட்டார்கள். “வயிறு இன்னும் தூங்குதும்மா, எழுந்திருக்கட்டும்” என்றார் டாக்டர். இந்த அறுவைக்குப் பிறகு இரைப்பை இப்படி மந்தமாகிக் கிடப்பது அடிக்கடி நடப்பதுதானாம். முன்னாடியே சொல்லியிருந்தால் தையல் பிரிந்துவிட்டது என்று நினைத்து இரண்டு ராத்திரி அழுதிருக்க மாட்டேன். பதினான்காம் நாள் அது எழுந்தது. வயிற்றில் நீர் வடிய வைத்திருந்த இரண்டு குழாயையும் எடுத்தார்கள், வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நான்காம் நாள் தொடங்கியது.

இதை எப்படி நாகரிகமாக எழுதுவது என்று யோசித்தேன், முடியவில்லை. மலம் மிதக்கும். வெளிறிய களிமண் நிறம், மேலே எண்ணெய்ப் படலம், வீடு முழுக்க நாற்றம். மூன்று வாளி ஊற்றினாலும் போகாது. ஒரு நாளைக்கு ஏழு தடவை. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு மத்தளமாக உப்பி, உள்ளே ஏதோ கடமுடாவென்று உருளும். பக்கத்து அறையில் இருக்கும் என் மகளுக்கே அந்தச் சத்தம் கேட்டது. சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வந்துவிட்டது.

அவரவர்க்குத் தெரிந்த வைத்தியம் நடந்தது. ஓமத்தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர், சீரகத் தண்ணீர். கெடுதல் ஒன்றுமில்லை, குணமும் ஒன்றுமில்லை. மாமியார் பத்தியம் வைத்தார். எண்ணெய் கூடாது, நெய் கூடாது, தேங்காய் கூடாது. ரசம் சாதமும் அவித்த இட்லியும்தான். “ரணம் ஆறட்டும்மா, அப்புறம் சாப்பிடலாம்” என்பார். பாவம், அக்கறைதான். ஆனால் எண்ணெயைக் குறைத்ததால் நாற்றம் கொஞ்சம் குறைந்ததே தவிர உடம்பு இன்னும் வேகமாக வற்றியது. செப்டம்பரில் 57 கிலோ இருந்தவள் நவம்பர் கடைசியில் 46. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

நடுவில் ஓபிக்குப் போகாமல் இல்லை. திருச்சியிலிருந்து நான்கரை மணி நேரப் பயணம். வழியில் எங்கெங்கே சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்று எங்கள் வீட்டுக்காரர் ஒரு பட்டியலே வைத்திருந்தார். முதல் தடவை பெரிய டாக்டர் இல்லை. டூட்டி டாக்டர் தையலைப் பார்த்தார், “நல்லா ஆறியிருக்கு” என்றார். வயிற்றுப்போக்கு என்றேன். வயிற்றுப்போக்கு மாத்திரை எழுதினார். கேப்சூல் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டாவது தடவை மலத்தில் எலாஸ்டேஸ் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். கணையம் என்சைம் சுரக்கிறதா என்று காட்டும் சோதனை அது. லேப் கவுண்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், “அமைலேஸ்தானே?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் பில் போட்டார். ரத்தம் எடுத்தார்கள். எனக்கு இரண்டும் ஒன்று போலத்தான் கேட்டது. மாலையில் ரிப்போர்ட் வந்தது, நார்மல். அதைப் பார்த்துவிட்டு அன்றிருந்த இன்னொரு இளம் டாக்டர், “கணையம் நல்லா இருக்கும்மா, நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்கிறீங்க” என்று தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். ரத்தத்தில் அமைலேஸ் நார்மலாக இருந்தால் செரிமானத்துக்கு என்சைம் போதுமான அளவு வருகிறது என்று அர்த்தமே இல்லை. இது எனக்குத் தெரிய இன்னும் ஐந்து வாரம் ஆயிற்று. சீட்டில் எழுதியிருப்பதும் பில்லில் இருப்பதும் ஒரே சொல்தானா என்று பணம் கட்டுவதற்கு முன் எழுத்துக் கூட்டிப் பாருங்கள்.

சரி, தப்பு நடந்தது தெரிந்து சரியான சோதனைக்கு மறுபடி போனால், மாதிரி தண்ணீராக இருக்கிறது, எடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். தண்ணீராக இருந்தால் அளவு பொய்யாகக் குறைத்துக் காட்டுமாம். ஆனால் அதை முந்தின நாள் போனில் கேட்டபோது சொல்லியிருக்கலாம். ஒன்பது மணி நேரம் காரில் போய் வந்தது ஒரு டப்பாவைத் திருப்பிக் கொண்டுவரவா? கடைசியில் உள்ளூரிலேயே மாதிரி எடுத்து அனுப்பும் ஒரு லேபில் கொடுத்தோம். எலாஸ்டேஸ் 200-க்கு மேல் இருக்க வேண்டும், 100-க்குக் கீழே என்றால் மோசம். என்னுடையது 15-க்கும் கீழே.

அந்த ரிப்போர்ட்டோடு போன அன்றைக்குத்தான் டயட்டீஷியனிடம் அனுப்பினார்கள். என் மகள் வயதுதான் இருக்கும். கேட்ட முதல் கேள்வியே, “கேப்சூலை எப்பம்மா போடுறீங்க?”

“சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சு.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “சாப்பாடு பஸ் ஏறிப் போயிடுச்சும்மா. மாத்திரை அப்புறம் வந்து ஸ்டாண்டுல நிக்குது. யாரு இப்படிச் சொன்னது?”

நான் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினேன். சா.பி.

இந்தக் கேப்சூல் மற்ற மாத்திரை போல ரத்தத்தில் கலந்து வேலை செய்வதில்லை. நாம் சாப்பிடும் சோற்றோடும் எண்ணெயோடும் நேரடியாகக் கலந்து அதைச் செரிக்க வைக்க வேண்டும். அதனால் முதல் வாய் சோற்றோடு ஒன்று, சாப்பாட்டின் நடுவில் ஒன்று. என்னிடம் இருந்தது 10,000 யூனிட். முழுச் சாப்பாட்டுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. 25,000 யூனிட் கேப்சூலாக மாற்றி, சாப்பாட்டுக்கு இரண்டு, சிற்றுண்டிக்கு ஒன்று என்று டாக்டரிடம் பேசி எழுதி வாங்கிக் கொடுத்தாள். ஆளுக்கு ஆள் அளவு மாறும், உங்களுக்கானதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். அப்புறம் எதெல்லாம் கணக்கில் சேரும் என்று ஒரு பாடமே நடத்தினாள். பால் காபிக்கும் வேண்டும். கடுங்காபிக்கும் வெறும் பழத்துக்கும் வேண்டாம். பத்தியத்தை விட்டுவிடுங்கள், எண்ணெய் சேர்த்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க்கு ஏற்ற மாதிரி கேப்சூலைக் கூட்டிக்கொள்ளலாம் என்றாள். மூன்று மாதமாகக் கேட்டதற்கு நேர் எதிர்.

அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்லிப் பக்கத்து வீட்டில் ஒருவர் ஆலோசனை சொன்னார், ரொம்ப நாள் போட்டால் ஆகாது என்று. நிறுத்திவிடாதீர்கள் என்றாள் டயட்டீஷியன். கேப்சூலுக்குள் இருக்கும் குட்டி உருண்டைகளின் மேல்பூச்சு இரைப்பையைத் தாண்டி அமிலம் குறைந்த இடத்தில்தான் கரையும். அமிலத்தைத் தணிக்கும் காரத்தைச் சுரப்பதும் கணையம்தான், அது எனக்குப் பாதிகூட இல்லை. இந்த உருண்டைகளைக் கடிக்கவும் கூடாது. விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதே என்று என் மகள் அக்டோபரில் கேப்சூலைப் பிரித்துச் சூடான கஞ்சியில் கலக்கிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அது வெறும் விலை உயர்ந்த கஞ்சி.

மாற்றிய நான்காம் நாள், இரண்டு வாளி. பத்தாம் நாள், ஒரு வாளி. நான் கழிப்பறைக்குள்ளிருந்து “என்னங்க!” என்று கத்தியதில் அவர் நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஓடிவந்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சாப்பாடு உடம்பில் ஒட்ட ஆரம்பித்ததும் சர்க்கரை ஏறியது. அறுவைக்குப் பிறகே எனக்கு இன்சுலின் உண்டு, அளவைக் கூட்டினார்கள். ஒரு நாள் ராத்திரி இன்சுலின் போட்டு, மூன்று இட்லி சாப்பிட்டு, கேப்சூலை மறந்துவிட்டேன். இரண்டு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து எழுந்தால் சர்க்கரை 52. சாப்பிட்டது ஏறவில்லை, இன்சுலின் மட்டும் அதன் வேலையைப் பார்த்திருக்கிறது. வழக்கமான சர்க்கரைக்காரர்களைவிட எங்களுக்குத் தாழ்சர்க்கரை ஆபத்து அதிகம், சர்க்கரையைத் தூக்கிவிடும் குளுக்ககானும் கணையத்தில்தானே சுரக்கிறது. இப்போது தலைமாட்டில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் படுப்பதில்லை.

வைட்டமின் டி 8தான் இருந்தது, ரொம்பக் குறைவு. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்துதான் உடம்பில் ஏறும், கொழுப்பு அத்தனையும் வாளியில் போனால் அதுவும் போகும். இரும்புச் சத்தும் குறைவு, அதை அதிகம் உறிஞ்சுகிற முன்சிறுகுடலைத்தான் எடுத்துவிட்டார்களே. யாரும் தானாக எழுதிக் கொடுக்கவில்லை, நான் கேட்டுத்தான் பார்த்தார்கள்.

ஏப்ரலில் மறுபடி பழைய நிலைமை. மிதப்பு, நாற்றம், மூன்று வாளி. சரி, நோய் திரும்பிவிட்டது என்று நானாக முடிவு கட்டி ஸ்கேனுக்குத் தேதி கேட்டேன். டயட்டீஷியனுக்குப் போன் செய்தபோது, “மாத்திரையை எங்கம்மா வச்சிருக்கீங்க?” என்றாள். ஸ்கூட்டர் டிக்கியில். வெளியில் போனால் மறக்கக் கூடாதென்று இரண்டு அட்டையை அங்கேயே வைத்திருந்தேன். திருச்சி ஏப்ரல் வெயில், மூடிய டிக்கி. 25 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து உள்ளே வெந்துவிட்டது. புது அட்டை பிரித்த மூன்றாம் நாள் சரியாயிற்று. ஸ்கேனும் சுத்தமாக வந்தது, அது தனி நிம்மதி.

ராத்திரி கசப்புத் தண்ணீர் தொண்டைக்கு வருவது மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்திருக்கிறோம். ஏழரைக்குள் சாப்பாடு முடிந்துவிடும். சாப்பிடும்போது தண்ணீர் ஒரு வாய்தான், மிச்சத்தை ஒரு மணி நேரம் கழித்து. தட்டை டிபன் தட்டாக மாற்றி ஆறு வேளையாகச் சாப்பிடுகிறேன். அறுவைக் குறிப்பின் நகல் ஒன்றை மறக்காமல் வாங்கி வையுங்கள். இரைப்பையை வெட்டினார்களா விட்டார்களா என்று போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியில் அது ஒரு வரிதான் இருக்கிறது.

இன்னொன்று. அந்தக் கேப்சூலில் இருப்பது பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த என்சைம். எங்களுடையது முட்டைகூட நுழையாத வீடு. தெரிந்ததும் இரண்டு நாள் எனக்கே ஒரு மாதிரி இருந்தது, அப்புறம் உயிரோடு இருப்பது என்று தீர்மானித்தேன். மாமியாருக்கு இன்றுவரை சொல்லவில்லை. “அந்த மாத்திரைதாம்மா உன்னைக் காப்பாத்துச்சு” என்று அவர் அட்டையைக் கண்ணில் ஒற்றும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

போன மாதம் தங்கை மகள் கல்யாணம். முதல் பந்தி. இலையில் வடை, அப்பளம், நெய் பருப்பு, பால் பாயசம். மணிபர்ஸிலிருந்து மூன்று கேப்சூலை எடுத்து இலை ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா, “இதெல்லாம் நீ சாப்பிடலாமாடி?” என்றார். முதல் வாய்க்கு ஒன்று, சாம்பாருக்கு ஒன்று, பாயசத்துக்கு ஒன்று. வடையை மட்டும் பாதி வைத்துவிட்டேன், வயிறு இன்னும் சின்னதுதான்.

மறுநாள் காலை ஒரே வாளி.